மடங்கிய விரல்களும் இரண்டு மேசைகளும்: டாக்டர் வெங்கடசாமி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1948ஆம் ஆண்டில், உடல்நலக் குறைவின் பேரில் ராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து விடுவிக்கப்பட்டபோது, கோவிந்தப்ப வெங்கடசாமிக்கு முப்பது வயது நிறைந்துகொண்டிருந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944இல் பட்டம் பெற்று, உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ராணுவத்தில் சேர்ந்த அந்த இளம் மருத்துவரால், வீடு திரும்பிய சமயத்தில் பேனாவைப் பிடித்து ஒரு வரி எழுத முடியவில்லை. மூட்டுகள் வீங்கி, நிற்பதும் நடப்பதும் வேதனையாகி, ஓராண்டுக்கும் மேலாகப் படுக்கையில் கிடக்க நேர்ந்தது. பிற்காலத்தில் அதே கைகளால் அவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார் என்பதும், பணி ஓய்வுக்குப் பிறகு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார் என்பதும் தமிழ்நாட்டில் பலரும் அறிந்த செய்திகள். படுக்கைக்கும் அறுவை மேசைக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதை அவ்வளவாக யாரும் விசாரிப்பதில்லை.

அரவிந்த் மருத்துவமனையைப் பற்றி மேலாண்மைக் கல்விக்கூடங்கள் நிறைய எழுதியிருக்கின்றன. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993இலேயே அதை மாணவர்களுக்கான பாடமாக்கிவிட்டது. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் 1976இல், பதினொரு படுக்கைகளோடு, ஐம்பத்தெட்டு வயதுக்காரர் ஒருவரின் துணிச்சலோடு தொடங்குகின்றன. அங்கிருந்து தொடங்கினால், ஓய்வு பெற்றவர் ஒருவர் புதிதாகத் தொழில் கற்று வென்ற கதையாக அது தெரியும். 1948இலிருந்து படித்தால் வேறொரு சரடு கண்ணில் படுகிறது. ஒரு வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டு, எந்தத் துண்டைத் தம் கை செய்ய முடியும், எதை வேறொரு கையிடம் கொடுக்கலாம், எதற்குக் கருவியையே மாற்ற வேண்டும் என்று பார்க்கும் பழக்கம் அது. அந்தப் பழக்கம் நோய்ப் படுக்கையில் பிறந்து, பின்னாளில் ஒரு மருத்துவமனையின் அமைப்பாகவே விரிந்தது என்று நான் கருதுகிறேன். அவர் தம் வாயால் அப்படிச் சொன்னதாக இங்கே கூறவில்லை. நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்ததில் எனக்குத் தோன்றிய முடிவு இது.

முதலில் விரும்பியது

எட்டயபுரத்துக்கு அருகிலுள்ள அயன் வடமலாபுரம் கரிசல் பூமியைச் சேர்ந்த ஊர். வானம் பார்த்த விவசாயக் குடும்பத்தில், ஐந்து பிள்ளைகளில் மூத்தவராக 1918 அக்டோபர் 1ஆம் தேதி வெங்கடசாமி பிறந்தார். பலகைக்கும் தாளுக்கும் வழியில்லாத பள்ளிக்கூடத்தில் மணலைப் பரப்பி அதில் விரலால் எழுத்து பழகிய தலைமுறை அவருடையது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்துவிட்டுச் சென்னைக்கு மருத்துவம் படிக்கப் போனார்.

மருத்துவத்திலும் அவர் மனத்தில் இருந்தது மகப்பேறு மருத்துவம். சிறு வயதிலேயே உறவுப் பெண்கள் மூவரைப் பேறுகாலச் சிக்கலுக்குப் பலிகொடுத்த வீடு அது. ஊரில் மருத்துவர் கிடையாது. அவசரத்துக்கு அழைத்துப் போகச் சாலையும் கிடையாது. அந்தச் சாவுகளிலிருந்து கிளம்பிய விருப்பம் என்பதால், அதைச் சம்பாத்தியத்துக்கான துறைத் தேர்வு என்று எடுத்துக்கொள்வது பொருந்தாது. கிராமத்து ஏழைப் பெண்ணைக் காப்பாற்றும் மருத்துவராக வேண்டும் என்பது அதன் உட்பொருள். இந்த விருப்பத்துக்குள் இரண்டு பகுதிகள் ஒட்டிக்கொண்டிருந்தன என்பதைக் கவனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் நடந்தது விளங்கும். யாருக்காக உழைப்பது என்பது ஒரு பகுதி. எந்தக் கைவேலையால் உழைப்பது என்பது மற்றொன்று. இருபத்தொன்பது வயது வரை இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க அவருக்குக் காரணமே இருந்திருக்காது.

நோய் எடுத்துக்கொண்டது

அவருக்கு வந்தது முடக்குவாதம், மருத்துவர்கள் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று சொல்வது. வயதாகும்போது முழங்கால் தேய்ந்து வரும் மூட்டுவலியோடு இதைக் குழப்பிக்கொள்வது நம்மிடையே வழக்கம். இது வேறு. உடலின் நோய் எதிர்ப்பு ஆற்றலே மூட்டுகளின் உள்ளுறையைப் பகையாகக் கருதித் தாக்குகிறது. வீக்கம் நாள்பட நாள்பட எலும்பையும் தசைநாரையும் அரித்து, விரல்களை அவற்றின் இயல்பான நேர்கோட்டிலிருந்து விலக்கிவிடுகிறது. உள்ளங்கையும் விரல்களும் சேரும் கணுக்களையும், விரலின் நடுக் கணுக்களையும், மணிக்கட்டையும் அது முதலில் பிடிக்கும். விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து மடங்கிக் கெட்டிப்பட்டுவிட்டால் பிறகு அவை திரும்புவதில்லை.

காலமும் அவருக்கு ஒத்துழைக்கவில்லை. இந்த நோய்க்கு கார்ட்டிசோன் மருந்தை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் முதன்முதலாகச் செலுத்திப் பார்த்ததே 1948 செப்டம்பரில்தான். அதைச் செய்தவர்களுக்கு 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று இந்த நோய்க்கு முதல் மருந்தாக எழுதித் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் பரவலான வழக்கத்துக்கு வர 1980கள் ஆயின. 1948இல் படுத்த ஒருவருக்கு ஆஸ்பிரின், தங்க உப்பு ஊசி, ஓய்வு என்ற அளவில்தான் மருத்துவம் இருந்தது. ஆகவே அவருடைய விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. பிற்காலத்துப் புகைப்படங்களில், மடியில் வைத்திருக்கும் கைகளைப் பார்த்தாலே தெரியும்.

மகப்பேறு மருத்துவம் அத்தோடு முடிந்தது. இரவில் எழுப்பினால் ஓட வேண்டிய, மணிக்கணக்கில் நிற்க வேண்டிய, குழந்தையை ஆயுதம் போட்டு எடுக்க வேண்டிய நேரத்தில் தோளும் கையும் சேர்ந்து விசை கொடுக்க வேண்டிய துறை அது. அந்த உடலால் அது இயலாது.

மாற்றத்தை வரவேற்பது, மலர்ந்த முகத்தோடு ஏற்பது என்றெல்லாம் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்த இடத்தை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. இரண்டாவது வாழ்க்கை எவ்வளவு பயனுள்ளதாக அமைந்தாலும் முதலாவது இழப்பு இழப்பாகவே நின்றது. அந்த நோயும் அவரை விட்டுப் போகவில்லை. வாழ்நாள் முழுவதும் வலியோடுதான் அவர் வேலை செய்தார். வலி போன பிறகு தொடங்கிய வாழ்க்கை என்று எண்ணினால் இந்த நிகழ்வையே தவறாகப் படித்தவர்களாவோம்.

கண்ணுக்கு வந்தது

நடக்கத் தொடங்கியதும் அவர் மீண்டும் படிக்கப் போனார். கண் மருத்துவத்தில் பட்டயமும், 1951இல் அறுவை மருத்துவத்துக்கான முதுகலைப் பட்டமும் பெற்றார். மேலோட்டமாகப் பார்த்தால் இது விசித்திரமான தேர்வு. விரல் கெட்ட ஒருவர், மருத்துவத்திலேயே மிக நுணுக்கமான விரல்வேலை உள்ள துறைக்குள் நுழைவதா என்று தோன்றும். ஆனால் கண் அறுவைச் சிகிச்சையை அதன் அசைவுகளாகப் பிரித்துப் பார்த்தால் அந்த விசித்திரம் பெருமளவு குறைந்துவிடுகிறது.

அன்றைய கண்புரை அறுவையை எடுத்துக்கொள்வோம். மருத்துவர் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்தோ நின்றோ, மணிக்கட்டையும் கையின் ஓரத்தையும் நோயாளியின் நெற்றியில் தாங்கவைத்துக்கொள்கிறார். தோளுக்கும் முழங்கைக்கும் ஏறத்தாழ வேலையே இல்லை. கருவிழியின் விளிம்பையொட்டி அரைவட்டமாக ஒரு வெட்டு. அதன் வழியே, பால் படர்ந்ததுபோல் மங்கிவிட்ட லென்ஸை அதன் உறையோடு சேர்த்துப் பிடித்து வெளியே எடுத்தல். வெட்டை மூடி இழை போடுதல். எல்லாம் ஒரு சில மில்லிமீட்டர் பரப்புக்குள் முடிந்துவிடும். பெரிய விசை தேவையில்லை. விரல்கள் முழுமையாக விரிந்து மடங்க வேண்டிய அவசியமும் குறைவு. கருவி கைக்குள் உறுதியாக உட்கார வேண்டும், நுனி நடுங்கக் கூடாது. கருவியின் பிடி தம் விரலுக்குப் பொருந்தாதபோது பிடியை மாற்றலாம். அவர் அதைத்தான் செய்தார்: கோணலான விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை வடிவமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கும் விதத்தைப் பொறுமையாகப் பழகினார். உச்சத்தில் ஒரே நாளில் நூறு அறுவைச் சிகிச்சைகள் வரை செய்தார்.

நூறு என்ற எண்ணைக் கேட்டு வியப்பவர்கள், அதற்கு முன்பு அந்தக் கை எத்தனை நாள் ஒரே ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்திருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நல்ல விரல் உள்ள அறுவை மருத்துவர் தம் கையைப் பற்றி யோசிப்பதே இல்லை. கை தானாகப் போகும். வெங்கடசாமிக்கு அந்தச் சலுகை கிடையாது. எந்த அசைவு தேவை, எது வீண், எதை உதவியாளர் செய்தால் போதும் என்பதை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுத்தான் அவர் வேலையைக் கற்றிருக்க முடியும். இந்தக் கணக்குதான் முப்பது ஆண்டுகள் கழித்து வேறு வடிவில் வருகிறது.

முன்பு பிரித்துச் சொன்ன இரண்டு பகுதிகளில், கைவேலை மாறிவிட்டது. யாருக்காக என்பது மாறவில்லை. கண்புரை இந்திய கிராமத்தில் வறுமையின் நோயாக நடந்துகொள்கிறது. வயதானால் யாருக்கும் வரும். ஆனால் பார்வை அறவே போகும்வரை சிகிச்சைக்கு வராமல் இருப்பவர் ஏழையாகத்தான் இருப்பார். ‘கண்ணில் பூ விழுந்துவிட்டது, வயசாகிவிட்டது, இனி என்ன’ என்று திண்ணையில் உட்கார்ந்துவிடும் அறுபது வயது விவசாயக் கூலிக்குப் பத்துப் பதினைந்து நிமிட அறுவையால் திரும்ப வயலுக்குப் போக முடியும். பிள்ளைப்பேற்றில் சாகும் பெண்ணைக் காப்பாற்ற நினைத்தவர், அதே வீட்டின் திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவியிடம் வந்து சேர்ந்தார்.

அரசுப் பணியும் முகாம்களும்

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவராகவும், எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் அறுவை மருத்துவராகவும் பொறுப்பேற்றார். மதுரைக்காரர்கள் பெரிய ஆஸ்பத்திரி என்று சொல்லும் இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனைதான் அது. இருபது ஆண்டுகள் அங்கே பணி செய்தார்.

இந்தக் காலத்தில்தான் கண் முகாம்கள் அவருடைய அடையாளமாயின. பள்ளிக்கூடமோ சத்திரமோ தற்காலிக மருத்துவமனையாகும். வகுப்பறைப் பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டுப் பாய்களை விரிப்பார்கள். கட்டுப் போட்ட கண்ணோடு வரிசையாகப் படுத்திருப்பவர்களுக்கு உள்ளூர்க்காரர்கள் கஞ்சியும் சோறும் கொண்டுவருவார்கள். பார்வையற்றோர் மறுவாழ்வுக்கான மையத்தை 1966இலும், கண் மருத்துவ உதவியாளர்களுக்கான பயிற்சியை 1973இலும் தொடங்கினார். பத்மஸ்ரீ விருதும் 1973இல் கிடைத்தது.

கடைசியாகச் சொன்ன பயிற்சித் திட்டம் அன்று அதிகம் பேசப்படவில்லை. எனக்கு அது இந்தக் காலகட்டத்தின் மிக முக்கியமான செயலாகப் படுகிறது. பார்வைத் திறனைச் சோதிப்பதற்கும், கண்ணின் அழுத்தத்தை அளப்பதற்கும், கண்ணாடிக்கான அளவு பார்ப்பதற்கும் ஒரு மருத்துவர் எதற்கு என்ற கேள்வி அதற்குள் இருந்தது. தம் கையின் அசைவுகளைப் பிரித்தவர் இப்போது ஒரு துறையின் வேலைகளையே பிரிக்கத் தொடங்கியிருந்தார்.

ஐம்பத்தெட்டு

அரசு ஊழியருக்கு ஓய்வு வயது ஒரு மாற்றம் என்றே பலர் கருதுவதில்லை. நாள்காட்டியில் முன்பே குறித்துவைத்த தேதி அது. ஆனால் வெங்கடசாமியின் நிலையில் அது ஏறக்குறைய 1948ஐப் போன்ற வெட்டு. முகாம்களுக்கு ஆள், வாகனம், மருந்து, அறுவை அரங்கு எல்லாம் பதவியோடு வந்தவை. பதவி போனால் அவையும் போகும். பார்வையிழப்புத் தடுப்புக்கான தேசியத் திட்டத்தை இந்திய அரசு தொடங்கிய அதே 1976இல், அந்த வேலையை இருபது ஆண்டுகளாகச் செய்துவந்தவர் வெளியே வந்தார்.

கோவெல் அறக்கட்டளையை நிறுவி, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் பதினொரு படுக்கைகளோடு மருத்துவமனை தொடங்கினார். ஸ்ரீ அரவிந்தரிடம் கொண்டிருந்த ஆழ்ந்த பற்றினால் அவர் பெயரையே வைத்தார். பதினொன்றில் ஆறு படுக்கைகள் பணம் கொடுக்க முடியாதவர்களுக்கு, ஐந்து கொடுக்கக்கூடியவர்களுக்கு. விரிவாக்கத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது குடும்பத்தின் சொத்தும் நகையும் அடகுக்குப் போயின. தரைத்தளத்தைக் கட்டி நோயாளிகளைச் சேர்ப்பது, அதில் மிஞ்சுவதைக் கொண்டு அடுத்த தளத்தை எழுப்புவது என்ற முறையில் கட்டடம் வளர்ந்தது.

கட்டணம் பெறும் நோயாளிக்கும் இலவச நோயாளிக்கும் வேறுபாடு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு அறை, கட்டில். மற்றவருக்குப் பொதுக்கூடம், தரையில் பாய். அறுவை செய்யும் மருத்துவர்கள் இரு பக்கமும் முறைவைத்து மாறிமாறிப் போவார்கள். பணம் கொடுப்பவர் வாங்குவது வசதியையே தவிர, மேலான கைத்திறனை அல்ல என்பதுதான் அங்கே கணக்கு. கட்டணம் கொடுத்தவர்களின் வருவாயில் மற்றவர்களின் செலவு ஈடுகட்டப்பட்டது. இன்றும் அங்கே நடக்கும் அறுவைகளில் ஏறத்தாழ பாதி இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ செய்யப்படுகின்றன. தேனி, திருநெல்வேலி, கோயம்புத்தூர், புதுச்சேரி என்று கிளைகள் பரவியது இந்த வருவாயில்தான்.

இரண்டு மேசைகள்

அரவிந்தின் அறுவை அரங்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். முதல் மேசையில் அறுவை நடந்துகொண்டிருக்கும்போதே, இரண்டாவது மேசையில் அடுத்த நோயாளி தயாராகப் படுத்திருக்கிறார். கண் மரத்துப்போக ஊசி முன்பே போடப்பட்டிருக்கும். இமையும் புருவமும் மருந்தால் துடைக்கப்பட்டு, ஒற்றைக் கண் மட்டும் தெரியும்படி துணி போர்த்தப்பட்டிருக்கும். இமைகளை விலக்கிப் பிடிக்கும் கம்பி பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு மேசைக்கும் தனித்தனி உபகரணத் தட்டு, தனித்தனி உதவியாளர்கள். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியின் கையைத் திருப்பி, முக்காலியில் இருந்தபடியே அடுத்த மேசைக்குத் திரும்புகிறார். பழைய மேசையில் இருப்பவருக்குக் கட்டுப் போடுவது, எழுப்பி அழைத்துப் போவது, மேசையைத் துடைப்பது, புதியவரைப் படுக்கவைப்பது எல்லாம் உதவியாளர்களின் வேலை. அனுபவம் மிக்க கை ஒரு கண்ணுக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் ஐந்திலிருந்து பத்து நிமிடம். இப்படித்தான் அங்குள்ள மருத்துவர் ஒருவர் ஆண்டுக்குச் சராசரியாக இரண்டாயிரம் அளவில் அறுவை செய்கிறார். மற்ற இடங்களில் இது சில நூறுகளைத் தாண்டுவது அரிது.

அந்த உதவியாளர்கள் பெரும்பாலும் பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்கள். இரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்று, ஒவ்வொருவரும் குறிப்பிட்ட ஒரு வேலையில் கைதேர்ந்தவர்களாகிறார்கள். கரிசல் காட்டில் பருத்தி எடுத்தோ தீப்பெட்டி ஒட்டியோ கழிந்திருக்கக்கூடிய கைகள்.

மெக்டொனால்ட்ஸ் உணவகங்களில் எந்த ஊரிலும் ஒரே தரத்தில் ஒரே வேகத்தில் உணவு கிடைப்பதைக் கண்டு, கண் மருத்துவத்தை ஏன் அப்படித் தர முடியாது என்று வெங்கடசாமி கேட்டதை எல்லா மேலாண்மைப் பாடங்களும் மேற்கோள் காட்டும். உவமை அவருடையதுதான், அதை மறுக்கவில்லை. எனினும் அந்த உணவகத்துக்குள் எத்தனையோ மருத்துவர்கள் போய் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். வேலை துண்டுகளாகப் பிரிந்து கிடப்பதைப் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொள்ள, அதற்கு முன்பே அப்படிப் பிரித்துப் பழகிய கண் வேண்டும். அறுவை மருத்துவரின் கை அரிதானது, அது தொட வேண்டியதைத் தவிர வேறெதையும் தொடக்கூடாது என்பது அரங்கின் விதி. தம் விரலில் எத்தனை அசைவு மிச்சமிருக்கிறது என்று எண்ணிச் செலவழித்த ஒருவருக்கு அந்த விதியைப் புதிதாகக் கற்க வேண்டியிருந்திருக்காது.

லென்ஸ்

பழைய அறுவையில் ஒரு குறை இருந்தது. மங்கிய லென்ஸை எடுத்துவிட்டால் ஒளியைக் குவிக்க உள்ளே எதுவும் இருக்காது. ஆகவே நோயாளி சோடாபுட்டிக் கண்ணாடி அணிய வேண்டும். அது பொருள்களை நாலில் ஒரு பங்குக்கும் மேல் பெரிதாகக் காட்டும், ஓரப் பார்வையை மறைக்கும். கிணற்றடியில் கைநழுவி உடைந்துவிட்டால் அறுவை செய்துகொண்ட பாட்டி மீண்டும் குருடுதான். கண்ணுக்குள்ளேயே செயற்கை லென்ஸைப் பொருத்தும் முறையை லண்டனில் ஹெரால்டு ரிட்லி 1949 நவம்பரில் செய்து காட்டிவிட்டார். 1980களில் வசதியான நாடுகளில் அது வழக்கமாகவும் ஆகிவிட்டது. இறக்குமதி லென்ஸ் ஒன்றின் விலை நூறு டாலர் அளவில் இருந்ததால் இலவச நோயாளிக்கு அது எட்டாக்கனியாக இருந்தது. ஏழை நாடுகளுக்குப் பழைய முறையே போதும் என்று வாதிட்ட வல்லுநர்களும் இருந்தார்கள்.

1992இல், அமெரிக்காவைச் சேர்ந்த சேவா அறக்கட்டளையின் துணையோடு, மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஆரோலேப் என்ற தொழிற்கூடம் தொடங்கப்பட்டது. பத்து டாலர் அளவில் தொடங்கிய விலை பின்னர் அதற்கும் வெகுவாகக் கீழே இறங்கியது. நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இன்று அந்த லென்ஸ்கள் போகின்றன. இங்கும் அதே நடைமுறையைக் காணலாம்: விலை என்பதைப் பாறையாகப் பார்க்காமல், அது எந்தெந்தத் துண்டுகளால் ஆனது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். ஆனால் லென்ஸ் விஷயத்தில் வெங்கடசாமியின் பங்கை மிகைப்படுத்தக் கூடாது. அது பலருடைய உழைப்பு; அப்போது அவருக்கு எழுபது வயது கடந்திருந்தது.

துணை நின்றவர்கள்

இந்த நிகழ்வைத் தனி மனிதரின் மனவுறுதிக்குச் சான்றாக மட்டும் வைப்பது எனக்கு உடன்பாடில்லை. மனவுறுதி இருந்தது. அதோடு வேறு பலவும் இருந்தன. நோயில் விழுவதற்கு முன்பே அவர் மருத்துவப் பட்டம் பெற்றவர். படுக்கையில் கிடந்த காலத்தில் தாங்கிய குடும்பம் இருந்தது. முடங்கிய விரல்களோடு வந்த ஒருவரை முதுகலைப் படிப்பில் சேர்த்து, பின்னர் துறைத் தலைவராகவும் அமர்த்திய அரசு அமைப்பு இருந்தது. இன்றைய உடற்தகுதி விதிகளின் கீழ் அது எவ்வளவு எளிதாக நடக்கும் என்று சொல்வதற்கில்லை. அதே 1948இல் அதே நோய் கண்ட எட்டயபுரத்துக் கொத்தனாருக்கு இவற்றில் ஒன்றுகூட வாய்த்திருக்காது. அவருக்கு உறுதி குறைவாக இருந்தது என்று யார் சொல்ல முடியும்?

1976க்குப் பிந்தைய பகுதி இன்னும் கூடுதலாகக் குடும்பத்தின் கதை. வயதில் மிகவும் இளைய தங்கை ஜி. நாச்சியாரும் அவர் கணவர் பி. நம்பெருமாள்சாமியும், நம்பெருமாள்சாமியின் தங்கை பி. விஜயலட்சுமியும் அவர் கணவர் எம். சீனிவாசனும் கண் மருத்துவர்களாக அங்கே உழைத்தார்கள். கட்டடத்தையும் கணக்கையும் தம்பி ஜி. சீனிவாசன் பார்த்துக்கொண்டார். தந்தையின் மறைவுக்குப் பின் தம்பி தங்கையரை ஆளாக்கியவர் என்ற முறையில், திருமணமே செய்துகொள்ளாத அண்ணனின் சொல்லுக்கு அந்த வீட்டில் இருந்த எடை சாதாரணமானதாக இருந்திருக்காது. ஆரம்ப ஆண்டுகளில் குறைந்த ஊதியத்துக்கு, விடிகாலை முதல் இரவு வரை, கைக்குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்தார்கள். ஒருவர் தம் வாழ்வின் திருப்பத்தைப் பயனுள்ளதாக ஆக்கும்போது, அதற்கான விலையில் ஒரு பகுதியைச் சுற்றியிருப்பவர்கள் கட்டுகிறார்கள். அவர்கள் மனம் ஒப்பிக் கட்டினார்கள் என்பது உண்மை. கட்டினார்கள் என்பதும் அதே அளவுக்கு உண்மை.

அரவிந்தரிடமும், புதுச்சேரியில் அவருடைய ஆசிரமத்தை வழிநடத்திய அன்னையிடமும் வெங்கடசாமிக்கு இருந்த ஈடுபாட்டை எங்கே வைப்பது என்பது ஒரு சிக்கல். அவரே தம் வேலையை ஆன்மிகப் பயிற்சியாகக் கருதியவர். அருகில் இருந்தவர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். இத்தகைய ஆய்வின் அளவுகோலுக்கு அது சிக்காது. சிக்காததால் இல்லை என்று சொல்வதும் சரியாகாது என்பதால் இங்கே குறித்துவைக்கிறேன்.

முகாமுக்கே வந்த சோதனை

2006 ஜூலை 7ஆம் தேதி, 87ஆவது வயதில் வெங்கடசாமி காலமானார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு அந்த மருத்துவமனையை எதிர்கொண்ட ஒரு கேள்வி, நோயையும் ஓய்வையும்விட வேறு வகையில் சங்கடமானது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் நடத்தி 1999இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறை உள்ளவர்களில் கண் முகாம்களுக்கு வந்தவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் குறைவு என்று காட்டியது. இலவசம், பேருந்து, சாப்பாடு என எல்லாம் கொடுத்த பிறகும் இந்த நிலை. கூட்டிப் போக ஆளில்லை, கூலி போய்விடும், பயம், இந்த வயதுக்கு இவ்வளவு பார்வை போதும் என்ற நினைப்பு. காரணங்கள் ஊர்க்காரர்களுக்குப் புதியவை அல்ல.

நாற்பது ஆண்டுகளாக அவருடைய பெருமையாக இருந்ததே முகாம்தான். அதைக் குறை சொல்லும் எண்ணை ஒதுக்கிவைத்துவிட்டு, ஆண்டுதோறும் செய்யும் அறுவைகளின் பெருந்தொகையைக் காட்டித் திருப்தியடைந்திருக்கலாம். நிறுவனம் அப்படிச் செய்யவில்லை. முகாமில் ஒரு நாளில் நடப்பதை மீண்டும் துண்டுகளாகப் பிரித்தார்கள். 2000களின் நடுவில் தேனியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாடகைக் கட்டடங்களில் சிறு பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. ஆண்டில் ஒரு நாள் வரும் முகாமுக்குப் பதிலாக வாரம் முழுவதும் திறந்திருக்கும் இடம். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கண்ணைச் சோதித்து, கண்ணாடிக்கு அளவெடுத்து, நெடுந்தொலைவு வைஃபை இணைப்பின் வழியே மருத்துவமனையில் இருக்கும் மருத்துவருக்குக் கண்ணின் படத்தைக் காட்டுகிறார். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியாளர்கள் அந்த இணைப்பை அமைக்க உதவினார்கள். மருத்துவர் சில நிமிடம் நோயாளியோடு திரையில் பேசுகிறார். அறுவை தேவை என்றால் மட்டும் பேருந்து ஏற வேண்டும். இத்தகைய மையங்கள் இன்று நூறைத் தாண்டிவிட்டன. முகாம்களும் நடந்துகொண்டிருக்கின்றன.